மகேஸ்வரி டீச்சர் தண்ணீர் தெளித்த கதை

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குக் கையில் ஒரு வியாதி உண்டு. பூவைக் கண்டால் அந்தக் கை தண்ணீரைத் தேடும். பக்கத்தில் டம்ளரோ செம்போ எது இருந்தாலும் விரல் நுனியை முக்கி, பூவின் மேல் ஓர் உதறு உதறிவிட்டுத்தான் ஓயும். யோசித்துச் செய்கிற காரியமில்லை. கொசு கடித்தால் கை எப்படித் தானாகப் போகிறதோ, அப்படித்தான்.

மகேஸ்வரிக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றியே இருந்தது. மாமா மகள் கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல மேடையேறியவள், மணப்பெண்ணின் சடையில் பூ வாட்டமாக இருப்பதைப் பார்த்தாள். அடுத்த நொடி பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீர் பெண்ணின் தலையிலும் முகத்திலும் இருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து மேக்கப் போட்ட பெண் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் ஒரு தாளம் தப்பவிட்டார். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க மணப்பெண் மை கரைந்து நிற்கிறாள். பார்க்கிறவர்கள், பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் மகேஸ்வரி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். முதல் பட்டதாரி என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழை அம்மா ஜக்கம்மாள் லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். பட்டச் சான்றிதழைப் பீரோவுக்குள் போட்டுவிட்டாள். ஏனம்மா இப்படி என்று கேட்டதற்கு, பட்டம் ஊரில் யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள், முதல் ஆள் என்று எழுதிக் கொடுத்தது உனக்குத்தானே என்றாள்.

முதல் ஆளாக இருப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு வீட்டில் இரண்டாவது ஆள் கிடையாது. மகேஸ்வரிக்கு வந்ததோ பெரிய சந்தேகம்: தனக்கு ஏதாவது தெரியுமா, இல்லை எல்லாமே மனப்பாடம்தானா? கல்லூரி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் திறக்க விடமாட்டார்கள். ரேம் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு, கட்டம் கட்டிப் பதில் எழுதியிருக்கிறாள். ரேமைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமலே பிரியாணியின் பக்குவத்தை விவரித்துப் பரிசு வாங்கியவளைப் போலத் தன்னை நினைத்துக்கொள்வாள்.

படிப்பு முடிந்ததும் வேலை தேடினாள். போட்டித் தேர்வுகள் எழுதினாள். கடைசியில் பூ மார்க்கெட்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஸ்டான்லி கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். சேர்ந்தது என்னவோ டீச்சராகத்தான். உட்காரவைத்தது ஜெராக்ஸ் மிஷினுக்கு முன்னால். ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் கோணாமல் எடுப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கடைவீதியில் ஆள் இல்லை என்கிற பேர் வந்தபோது, அவளுக்கு அழுகை வந்தது.

அப்போது வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பிரின்ஸ் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்பினான். இடம் காலி. ஆனால் சென்டர் ஓனர் ஸ்டான்லி நினைத்தவுடன் ஆளைப் போட்டுவிட முடியாது. அவர் எந்த நிறுவனத்தின் பேரில் சான்றிதழ் கொடுக்கிறாரோ, திண்டுக்கல்லில் இருக்கும் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுச் சரி சொல்ல வேண்டும். பக்ருன்னிசா மேடம் வருவதாகத் தகவல் வந்தது.

ஸ்டான்லி ஒளிவுமறைவு இல்லாதவர். “மேடம் தலையாட்டினா டீச்சர். ஆட்டலைன்னா ஜெராக்ஸ். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கக் கூடாது, மகேஸ்வரி” என்று சொல்லிவிட்டார்.

மேடம் வருகிற நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பாடத்திட்டப்படி அன்றைய பாடம், கம்ப்யூட்டரின் முதன்மை நினைவகத்தில் என்னென்ன வகை, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்பது.

மகேஸ்வரி வீட்டில் நடந்துகொண்டே படித்தாள். ரேம் தற்காலிகமானது, மின்சாரம் நின்றால் அழியும். ரோம் நிலையானது, அழியாது. டைனமிக் ரேமை இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும். ஸ்டேட்டிக் ரேமைப் புதுப்பிக்கத் தேவையில்லை. ஜக்கம்மாள் மடியில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு பூசைக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் நாலாவது சுற்று வரும்போது பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

“அழியும் அழியாதுன்னு கோயில் பூசாரி கணக்கா ஓதிக்கிட்டே இருக்கியே, அதுல ஒரு வார்த்தையாச்சும் ஒனக்கு வெளங்குதாத்தா?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம பூவக் கட்டு.”

“எனக்குத் தெரியாதுங்கிறது ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்.”

மகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. தான் தினமும் தன்னைக் கேட்டுக்கொள்கிற கேள்வியை அடுத்தவர் கேட்டால் வரத்தான் செய்யும். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். மேடம் முன்னால் நல்ல தமிழில், புத்தகத்தில் இருக்கிறபடி, படித்தவள் பேசுகிற மாதிரி பேச வேண்டும். தோட்டம், கூடை, பூ என்கிற பேச்சே வரக் கூடாது.

ஆனால் வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்தபோது எங்கே பார்த்தாலும் பூவாக இருந்தது.

ஸ்டான்லி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். ஆயுத பூஜையையும் குறைவில்லாமல் செய்வார். கேட்டால், இதற்குக் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார், அட்மிஷன் குறைந்தால் வீட்டுக்காரிதான் கோபித்துக்கொள்வாள் என்பார். எல்லா மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, அவல், ஒரு செம்புத் தண்ணீர். இதெல்லாம் போதாதென்று, மேடம் பார்க்கட்டும் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி மேஜைமேல் படுக்கவைத்து ஓடவிட்டிருந்தார். பிள்ளைகள் அதற்கும் ஒரு முழ மல்லிகையைக் குறுக்கே சாத்தியிருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் ஸ்டான்லி விடிந்ததிலிருந்து ஒற்றை விரலால் தட்டிய வரவேற்பு மடல் இருந்தது. வருக வருக என்று தொடங்கி, கல்வித்தாயே, கணினிச் சுடரே என்று வளர்ந்து, நாலு ஓரத்திலும் ரோஜாப் படத்தோடு நின்றது. சேவ் செய்துவிடுங்கள் சார் என்று மகேஸ்வரி இரண்டு தடவை சொன்னாள். மேடம் பேருக்கு மேலே இன்னும் ஒரு ரோஜா வைக்க வேண்டியிருக்கிறது, வேலை முடியாமல் சேவ் செய்வது அரை வேக்காட்டில் இறக்குகிற மாதிரி என்று சொல்லிவிட்டார்.

பக்ருன்னிசா மேடம் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். பூசைக் கூட்டம் ஏறுவதற்குள் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினார்.

மகேஸ்வரி ஆரம்பித்தாள். முதன்மை நினைவகமாவது மையச் செயலகம் நேரடியாக அணுகக்கூடிய நினைவகமாகும் என்றாள். அது அழியக்கூடியது, அழியாதது என இருவகைப்படும் என்றாள். முகங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தன. பின்னால் மேடம் கொட்டாவியை முந்தானையால் மறைப்பதை மகேஸ்வரி பார்த்துவிட்டாள். ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் கண்முன் ஒரு தடவை ஓடி மறைந்தது.

முதல் வரிசையில் சோலைமுத்து கையைத் தூக்கினார். வகுப்பிலேயே மூத்த மாணவர் அவர்தான். பூ வேன் ஓட்டுகிறவர். கமிஷன் கடையில் பில்லெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதால் முதலாளி கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டிருந்தார்.

“டீச்சரு, எனக்கு ஒண்ணு மட்டும் ஓடல. ஒண்ணு அழியாதுங்குறீக. அப்ப அதையே முழுசுக்கும் வச்சுக்கிற வேண்டியதுதானே? அழியிறத எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?”

புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. மகேஸ்வரி மனதுக்குள் பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் வெள்ளைத் தாளாக இருந்தது. அவள் பார்வை ஸ்டான்லியின் தாத்தா படத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மாலையில் போய் நின்றது. எடுத்த சபதம் அந்த இடத்தில் முறிந்தது.

“அண்ணே, அந்தா தொங்குதே பிளாஸ்டிக் மாலை, அது வாடுமா?”

“வாடாது.”

“அதக் கழட்டிக் கல்யாணத்துக்குப் பொண்ணு கழுத்துல போடுவீகளா?”

வகுப்பு சிரித்தது. சோலைமுத்துவும் சிரித்தார். மகேஸ்வரிக்கு அதற்குப் பிறகு நிற்கத் தெரியவில்லை. ரோம் என்பது பிளாஸ்டிக் மாலை என்றாள். தொழிற்சாலையில் என்ன கோத்தார்களோ அதுதான். கரண்ட் இருந்தாலும் போனாலும் அப்படியே கிடக்கும். ஆனால் நினைத்தபோது நினைத்த பூவை அதில் வைக்க முடியாது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்கிற பாடம் அதில்தான் இருக்கிறது. ரேம் என்பது நிஜப் பூ. இன்றைய வேலைக்கு இன்றைய பூ. வேலை நடக்கிறவரை மணக்கும், முடிந்ததும் குப்பைக்குப் போகும். நாளைக்கு வேறு பூ. அன்றன்றைக்கு மாறுகிற வேலைக்கு அதுதான் தோது.

தமிழ்மதி என்கிற பெண் ரோமிலும் வகை இருக்கிறதே என்றாள். இருக்கிறது. பி-ரோம் என்பது நாரும் பூவுமாக நாமே ஒரு தடவை கட்டுகிற சரம். முடிச்சுப் போட்டபின் பிரித்தால் பூவும் மிஞ்சாது, நாரும் மிஞ்சாது. இ-பி-ரோம்? வெயிலில் கிடந்து சாயம் வெளுத்த பிளாஸ்டிக் மாலை. புற ஊதா வெளிச்சம் காட்டி வெளுக்கவைத்து, மறுபடி சாயம் ஏற்றலாம். இ-இ-பி-ரோம் என்றால் மாலையைக் கழற்றி வெயிலுக்குக் கொண்டுபோகக்கூட வேண்டாம். தொங்குகிற இடத்திலேயே மின்சாரத்தால் வெளுத்து, அங்கேயே சாயம் அடித்துவிடலாம். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று மகேஸ்வரிக்கே ஆச்சரியமாக இருந்தது. மனப்பாடம் செய்த வரிகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அவளுக்கே அர்த்தமாகிக்கொண்டிருந்தன.

ரேமுக்கு வந்தாள். ஸ்டேட்டிக் ரேம் செவ்வந்தி. பறித்து வைத்தால் தண்ணீர் தெளிக்காமலே நிற்கும். ஆனால் விலை கூடுதல்.

“நிக்காது டீச்சரு” என்றார் சோலைமுத்து.

“செவ்வந்தியா?”

“ஒங்க கணக்கு. நாளைக்கு ஆயுத பூஜை. இன்னிக்கு மல்லி வெலதான் ஏறிக் கெடக்கு. கீழ போயி வேணா கேட்டுப் பாருங்க.”

பாதி வகுப்பு சோலைமுத்து பக்கமும் பாதி வகுப்பு செவ்வந்தி பக்கமும் சாய்ந்தது. சன்னலோரம் இருந்த ஒருத்தி கீழே கடையில் கூவிக் கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். மகேஸ்வரி எல்லோரையும் கையமர்த்தி, உவமை என்றால் ஓரிடத்தில் ஒட்டும், ஓரிடத்தில் ஒட்டாது, கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் ஸ்டேட்டிக் ரேம்தான் விலை கூடுதல் என்று சொல்லிச் சமாளித்தாள். அதனாலேயே அதைக் கொஞ்சமாக, கேஷ் மெமரி என்று ஒரு சின்ன இடத்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். பூக் கட்டும்போது கூடையிலிருந்து ஒரு குத்து அள்ளி மடியில் போட்டுக்கொள்கிறோமே, அந்த மடிதான் கேஷ். ஒவ்வொரு பூவுக்கும் கூடை வரை கை போனால் சரம் எப்போது முடிவது? அந்தக் கூடை நிறையக் கிடப்பது டைனமிக் ரேம்.

“டைனமிக் ரேம்தான் நம்ம மல்லி” என்றாள். “எடம் கம்மியா அடைக்கும், நெறையக் கொள்ளும். ஆனா சும்மா விட்டா கரண்ட் இருக்கும்போதே வாடிரும். ஒரு நொடிக்குள்ளேயே திரும்பத் திரும்பப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். எப்படின்னா, நாம செத்த நேரத்துக்கு ஒருக்கா…”

பேசிக்கொண்டே மேஜை மேல் படுத்திருந்த கம்ப்யூட்டரைக் காட்டத் திரும்பினாள். உள்ளே ஓடுகிற விசிறியின் சூட்டில் மல்லிகைச் சரம் வாடித் துவண்டு கிடந்தது. பக்கத்தில் செம்பு.

கை போய்விட்டது. விரல் முங்கியது. ஓர் உதறு.

கம்ப்யூட்டர் ‘டப்’ என்றது. விசிறி நின்றது. திரை இருண்டது. வருகவும் கல்வித்தாயும் நாலு ஓரத்து ரோஜாவும் ஒரே நேரத்தில் மறைந்தன.

சோலைமுத்து மெல்ல, “டீச்சரு புதுப்பிச்சுட்டாக” என்றார்.

மகேஸ்வரி பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்டான்லி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

“என் வருக வருக எங்க?”

“ரேம்ல இருந்துச்சு சார்” என்றாள் மகேஸ்வரி. “போயிருச்சு. சேவ் பண்ணியிருந்தா ஹார்டு டிஸ்க்குக்குப் போயிருக்கும். கரண்ட் நின்னா ரேம்ல ஒண்ணுமே மிஞ்சாது சார்.”

“ஒண்ணுமேயா?”

“ஒரு ரோஜாகூட.”

ஸ்டான்லி உட்கார்ந்துவிட்டார்.

மகேஸ்வரி சரத்தை எடுத்தாள். வேலை போனதாகவே முடிவு கட்டிவிட்டதால் அவளுக்கு ஒருவிதத் துணிச்சல் வந்திருந்தது. சென்டரில் சர்வீஸ் பார்க்க வருகிறவர் செய்வதைப் பல நாள் ஜெராக்ஸ் மிஷின் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் தள்ளி ரேமைக் கழற்றினாள். அது இரண்டு விரல் அகலப் பட்டைதான், முழ நீளம்கூட இல்லை. இதற்காகவா மூன்று வருடம் என்று நினைத்தாள். துடைத்து, சோலைமுத்துவிடம் கொடுத்து, மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு வரச் சொன்னாள். மற்ற பாகங்களைப் பஞ்சால் ஒற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். பக்ருன்னிசா மேடம் எழுந்து வந்தார். பஸ் இனிக் கிடைத்த மாதிரிதான் என்று சொல்லி, பொரி கடலையை ஒரு கை அள்ளிக்கொண்டு நின்று பார்த்தார்.

உள்ளே எல்லாம் உலர்ந்துவிட்டதாகத் தெரிந்ததும் ஸ்டான்லி பொறுமையிழந்து, அவளைக் கேட்காமலே பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. பீப், பீப், பீப் என்று பெட்டி விடாமல் கத்தத் தொடங்கியது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

“உசுரு இருக்கு டீச்சரு” என்றார் மாடியிலிருந்து திரும்பியிருந்த சோலைமுத்து.

மகேஸ்வரி பெட்டிக்குள் பார்த்தாள். ரேம் இருக்க வேண்டிய இடம் காலி. ரேம் மாடியில் காய்கிறது. அப்படியென்றால் இங்கே கத்துவது யார்?

“ரோம்” என்றாள். வகுப்பைப் பார்த்துச் சொன்னாளா தனக்குச் சொல்லிக்கொண்டாளா தெரியாது. “இது ரோம் கத்துறது. முழிச்சதும் மொதல்ல ரேம் இருக்கான்னு பாருன்னு அதுல எழுதியிருக்கு. பாத்துச்சு, காணோம். அதான் கூப்பாடு. தண்ணி தெளிச்சோம், கரண்டப் புடுங்கினோம், அதுக்கு ஒண்ணும் ஆகல. பிளாஸ்டிக் மாலை அப்படியே இருக்கு.”

எல்லோரும் தாத்தா படத்தைப் பார்த்தார்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டு மகேஸ்வரி மாடிக்கு ஓடினாள். மாடியெங்கும் ஐப்பசிக்கு முந்தின வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ரேமை மட்டும் காணவில்லை. பின்னாலேயே மூச்சு வாங்க வந்த சோலைமுத்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், நல்ல குளிர்ந்த நிழலில், வாழையிலை விரித்து வைத்திருந்த ரேமை எடுத்துக் காட்டினார்.

“காயத்தானே வைக்கச் சொன்னேன்?”

“வெயில்ல வச்சா வாடிராதா டீச்சரு?”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்கு, தான் யாரைத் திட்ட முடியும் என்று தோன்றியது. இருவரும் கைப்பிடிச் சுவரில் ரேமை வைத்து, அது காயும்வரை பக்கத்தில் நின்றார்கள். பிறகு கீழே வந்து, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, இடத்தில் வைத்து அழுத்தினாள். கொக்கி இரண்டும் ‘டக்’கென்று விழுந்தன. சுவிட்ச். ஒரே ஒரு பீப். திரையில் கம்பெனிப் பெயர் வெள்ளையாக வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வருக வருக மட்டும் வரவில்லை. ஸ்டான்லி எழுந்து, கையைக் கூப்பி, கல்வித்தாயே என்று ஞாபகத்திலிருந்து வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் மறந்துவிட்டது.

பக்ருன்னிசா மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டார். மகேஸ்வரியும் ஸ்டான்லியும் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஆடவும் இல்லை, அசையவும் இல்லை.

“ரேம் அழியும்னு எல்லா சென்டர்லயும் சொல்லத்தான் கேட்டிருக்கேன்” என்றார். “அழிச்சே காட்டினது நீ ஒருத்திதாம்மா.”

மகேஸ்வரிக்கு இது எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. மேடம் ஸ்டான்லியிடம் திரும்பினார்.

“கிளாஸ் இவங்களே எடுக்கட்டும். செம்ப மட்டும் ரூமுக்கு வெளிய வச்சிருங்க.”

அந்த விதி இன்றைக்கும் அந்த வகுப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறது: பூவுக்குத் தண்ணீர் தெளிப்பவர்கள் வெளியில் தெளித்துவிட்டு வரவும். அதை ஸ்டான்லி ஒற்றை விரலால் தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை சேவ் செய்தார்.

மகேஸ்வரி டீச்சராகிவிட்டாள். பழைய சந்தேகம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. இந்த வேலை தனக்குத் தெரிந்ததால் கிடைத்ததா, கை தவறியதால் கிடைத்ததா? ஜக்கம்மாளிடம் கேட்டதற்கு, கைக்குத் தெரிந்ததும் உனக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லிவிட்டுப் பூவை மடியில் கொட்டிக்கொண்டாள். அது பதிலா, பேச்சை முடிக்கிற வழியா என்று மகேஸ்வரிக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த மாதத் தேர்வில் முதன்மை நினைவக வகைகளை ஒப்பிடுக என்று அவளே கேள்வி கேட்டாள். விடைத்தாள்கள் மார்க்கெட் மாதிரி மணந்தன. ஒருத்தி டைனமிக் ரேம் முகூர்த்த நாளில் விலை ஏறும் என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி அதை ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்றிருந்தாள். மகேஸ்வரி சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் தடுமாறி, இரண்டு பேருக்கும் பாதி மதிப்பெண் போட்டாள். பாதிக் குற்றம் தன்னுடையது.

சோலைமுத்துவின் தாளில் பூவே இல்லை. பெரிய பெரிய எழுத்தில் இரண்டே வரி. ஸ்டான்லி சாரின் வருக வருக இருந்த இடம் ரேம், ரேமைக் காணோம் என்று கத்தினது ரோம். மகேஸ்வரி அதை இரண்டு தடவை படித்தாள். புத்தகத்திலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை. முழு மதிப்பெண் போட்டு, பேனாவை மூடினாள்.